லொத்தர் விற்கும் அரசு சூதைக் கண்டிக்குமா?

(பாண்டிருப்பு ஊர்க் கூட்டமொன்றில் பேசியது)

பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கைமாரே,

சூதைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. வருசா வருசம் திரௌபதை அம்மன் கோயில் வனவாசத்தைப் பார்க்கிற சனம் நீங்கள். பாண்டவர் ஏன் காட்டுக்குப் போனார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்று, தருமர் களவாக எங்கேயோ போய் ஆடவில்லை. பெரியப்பா ஆளனுப்பிக் கூப்பிட்டார், அரச சபையிலேயே ஆட்டம் நடந்தது. அரசே பாய் விரித்தால் நல்லவனும் உட்காருவான்.

நம் இலங்கையில் லொத்தர், அதுதான் பரிசுச் சீட்டு, விற்கிறது அரசு. தேசிய லொத்தர் சபை 1963இல் வந்தது. அப்புறம் அபிவிருத்தி லொத்தர் சபை. 20 ரூபாய்ச் சீட்டு 2023இல் 40 ஆனது. பின்னேரம் சந்தியில் நின்று பாருங்கள். கூலி வேலை முடிந்து வருகிறவர் நேற்றைய சீட்டை நீட்டுவார். சீட்டிலுள்ள ஆங்கில எழுத்து மட்டும் பொருந்தியிருக்கும், பரிசு 40 ரூபாய். அந்தக் காசைக் கையால் தொடவும் மாட்டார், அதற்கும் சீட்டுத்தான். வீட்டில் போய் "இண்டைக்கு விழுந்தது" என்பார்! நாளுக்கு இரண்டு சீட்டென்றால் வருசத்துக்கு 29,200 ரூபாய். பணக்காரர் கட்டாத வரி இது.

மகஜன சம்பத என்ற லொத்தரின் பெரிய பரிசுக்கு ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கமும் சரிவர வேண்டும். கணக்குப் போட்டால் இரண்டு கோடியே அறுபது லட்சத்தில் ஒன்று. நாட்டில் அத்தனை பேரே இல்லை.

புலமைப்பரிசிலுக்கும் வைத்திய உதவிக்கும் போகிற காசுதானே என்பார்கள். சரி, நல்ல காரியம். அதைப் பொது வரியிலிருந்து கொடுங்கள். ஏழைப் பிள்ளையின் படிப்புக்கு ஏழைத் தகப்பனின் கூலிதானா கிடைத்தது? தமிழ்நாடு 2003இல் லொத்தரை நிறுத்தியது. (அதே வருசம் அரசே சாராயக்கடை திறந்தது வேறு கதை.)

சீட்டு விற்கிறவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பொழுதுபட்டால் கடையைப் பூட்டுவார். கடன் கேட்டால் "உன் மனிசி ஏசுவாள், போ" என்பார். போனில் வருகிற சூதாட்டத்துக்கு அந்த வெட்கமில்லை. நடுச்சாமத்திலும் திறந்திருக்கும். முதலில் கொஞ்சம் வெல்லவிடும், தோற்றால் "போனஸ்" என்று திரும்பக் கூப்பிடும். அறுவடைக் காசு, நுண்கடன் கட்ட வைத்த காசு, தங்கச்சியின் அடகுக் காசு எல்லாம் பாயில் படுத்தபடியே போய்விடும். பக்கத்தில் படுத்தவருக்கும் தெரியாது.

இதைத் தடு என்றால் அரசு எந்த வாயால் தடுக்கும்? அதுவும் லொத்தரைப் போனில் விற்கிறதே.

மேசையில் மனு இருக்கிறது. கேட்பது மூன்றுதான்: போனில் லொத்தர் விற்பனையை நிறுத்து, சூதாட்ட விளம்பரத்தைத் தடைசெய், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சீட்டு விற்காதே. வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். தாய்மார் முதலில் வாருங்கள்.