பாத்ரூம் லைட் பாயிண்ட்ல இருந்தே எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு லைன் எடுக்கலாமா?

பாலக்கோட்டுல இருந்து ஒரு நேயர் கேட்டிருக்காரு: "பாத்ரூம்ல 6 இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டணும். லைட் பாயிண்ட்ல இருந்தே லைன் எடுத்துக்கலாமா? எர்த் அவசியமா?"

லோடைப் பத்திக் கவலையே வேணாங்க. இந்த ஃபேன் 40 வாட் பக்கம்தான் இழுக்கும், கால் ஆம்பியர் கூட வராது. ஆனா லைட் பாயிண்ட்ல இருக்கறது சுவிட்ச் வழியா வர்ற ஃபேஸும் நியூட்ரலும் மட்டும்தான். பழைய வீடுன்னா அங்க எர்த்துக்கான பச்சை வயரே இருக்காது. லைட்டை அணைச்சா ஃபேனும் நின்னுடும், குளிச்ச பிறகு ஒரு 15 நிமிஷம் ஓடுனாத்தானே ஈரம் வெளிய போகும்? அதனால வெளியில இருக்கிற சுவிட்ச் போர்டுல தனி சுவிட்ச் வெச்சு, பைப்புக்குள்ள 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் மூணு (ஃபேஸ், நியூட்ரல், எர்த்) இழுத்துடுங்க.

நியூட்ரலை அந்த ஃபேஸ் வர்ற சர்க்யூட்ல இருந்தே எடுக்கணும். ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) வழியா வராத வேற நியூட்ரல்ல சேர்த்தீங்கன்னா, ஃபேனைப் போட்டவுடனே அந்த ஆர்சிசிபி விழுந்துடும். ஆர்சிசிபி மேல குறை சொல்லி அதைக் கழட்டிடறாங்க சில பேரு. அதை மட்டும் செய்யாதீங்க.

ஏன்னா நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாறை நிலம். சித்திரை, வைகாசில எர்த் குழி காஞ்சு போச்சுன்னா ரெசிஸ்டன்ஸ் ஏறிடும். 50 ஓம்னு வெச்சுக்கங்க. 230ஐ 50ஆல வகுத்தா நாலரை ஆம்பியர்தான். ஃபேன் பாடியில கரண்ட் இறங்கினாலும் 6 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினா விழற சுவிட்ச்) விழவே விழாது, பாடி முழுக்க கரண்ட் நிக்கும். அதே எர்த்துல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உடனே விழுந்துடும். எர்த் குழியை எர்த் டெஸ்டர் வெச்சிருக்கிற வயர்மேனைக் கூப்பிட்டு அளந்துக்கங்க.

எர்த் இல்லைன்னு நியூட்ரலையே எர்த் முனையில சுத்தி விடறது ரொம்பத் தப்பு. எங்கயாவது நியூட்ரல் அறுந்தா ஃபேன் பாடிக்கு அப்படியே 230 வோல்ட் வந்து நிக்கும். பிளாஸ்டிக் பாடி ஃபேன்ல எர்த் முனை இல்லாம இருக்கலாம். அப்பவும் பச்சை வயரை ஃபேன்கிட்ட இருக்கிற ஜாயிண்ட் பெட்டி வரைக்கும் கொண்டாந்து கனெக்டர்ல முடிச்சு வைங்க, பின்னாடி மெட்டல் ஃபேன் மாத்தினா வேணும்.

வேலையை ஆரம்பிக்கும் முன்னாடி ஒண்ணு. வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா மெயினை ஆஃப் பண்ணா மட்டும் போதாது. மெயின் போனதும் இன்வெர்ட்டர் அதே லைட் லைனுக்கு 230 வோல்ட் குடுக்க ஆரம்பிச்சிடும். இன்வெர்ட்டர் சுவிட்சை மட்டும் அணைச்சாலும் ஈபி கரண்ட் அதுக்குள்ள புகுந்து வந்துடும். ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. டெஸ்டரை முதல்ல கரண்ட் இருக்கிற இடத்துல வெச்சு எரியுதான்னு பார்த்துட்டு, ஆஃப் பண்ணின பிறகு அந்தப் பாயிண்ட்ல வைங்க. போர்டுல புது சர்க்யூட் எடுக்கணும்னா லைசென்ஸ் இருக்கிற வயர்மேன்தான் செய்யணும்.

ஜாயிண்ட்டை டேப் சுத்தி விடாதீங்க, ஆவில பசை விட்டுப் போயிடும். மூடி போட்ட பிவிசி பெட்டிக்குள்ள கனெக்டர் வெச்சு, ஒரு சென்டிமீட்டர் சீவி, ஒரு இழை கூட வெளிய நீட்டாம முறுக்குங்க. ஃபேனுக்குப் போற வயரைக் கொஞ்சம் கீழ தொங்கவிட்டு மேல ஏத்துங்க. சாரல் அடிச்சா தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும், மோட்டாருக்குள்ள இறங்காது.

மாட்டினதும் ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை அமுக்குங்க, விழணும். அப்புறம் கதவைச் சாத்தி, ஃபேனுக்குக் கம்பித் தடுப்பு இருந்தா அதுல ஒரு துண்டு மெல்லிசுக் காகிதத்தை வைங்க. ஒட்டி நிக்கலைன்னா கதவுக்கு அடியில முக்கால் இன்ச் இடைவெளி விடுங்க. காத்து உள்ள வந்தாத்தான் வெளிய போகும்.