ஹோம்ஸ் விட்டுவந்த தொப்பி

[காட்சி: பேக்கர் தெரு அறை. ஒரு கை தொப்பியை நோக்கி நீள்கிறது.]

வெளியே கிளம்பும் அவசரத்தில் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் தன் பழைய வேட்டைத் தொப்பியை எடுக்கப் போகிறார். முன்னும் பின்னும் விளிம்பு வைத்த அந்தத் தொப்பியைப் பார்த்தாலே ஹோம்ஸ்தான் நினைவுக்கு வருவார். ஆனால் நண்பர் வாட்சன் தடுக்கிறார்: "ஹோம்ஸ், வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்!" ஹோம்ஸ் அதை விட்டுவிட்டு, 1940களில் எல்லா ஆண்களும் போட்ட சாதாரணத் தொப்பி ஒன்றை எடுத்துக்கொள்கிறார்.

1942இல் வெளிவந்த ‘ஷெர்லாக் ஹோம்ஸ் அண்ட் தி வாய்ஸ் ஆஃப் டெரர்’ படத்தில் வரும் சின்ன இடம் இது. ஹோம்ஸ் ரசிகர்கள் பலர் மனம் விட்டுப்போவதும் இங்கேதான். குதிரை வண்டி இல்லை, எரிவாயுத் தெருவிளக்கு இல்லை. அதற்குப் பதில் வானொலி, கார், நாஜிகள். பேசில் ராத்போன் ஹோம்ஸாகவும் நைஜல் புரூஸ் வாட்சனாகவும் 1939 முதல் 1946 வரை 14 படங்களில் நடித்தார்கள். அவற்றை வரிசைப்படுத்தச் சொன்னால், இந்தப் படத்தைப் பலரும் பின்னால் தள்ளிவிடுவார்கள். நான் முன்னால் வைப்பேன். ஏன் என்று சொல்வதற்கு முடிவையும் சொல்லித்தான் ஆக வேண்டும். படம் மொத்தமே 65 நிமிடம்தான். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

[காட்சி: இருட்டில் ஒரு பழைய வானொலிப் பெட்டி. அதன் முகப்பு மட்டும் ஒளிர்கிறது.]

முதல் இரண்டு படங்களை எடுத்தது ஃபாக்ஸ் நிறுவனம். இரண்டும் விக்டோரியா காலத்தில் நடப்பவை. பிறகு தொடர் யுனிவர்சல் நிறுவனத்தின் கைக்குப் போனது. அவர்கள் கதையைப் போர்க்கால லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். ஹோம்ஸ் முதுமை இல்லாதவர், வெல்ல முடியாதவர், மாறாதவர் என்று படத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டுவிடுகிறார்கள்.

கதை இதுதான். ஜெர்மனியிலிருந்து ஒரு குரல் இங்கிலாந்து வீடுகளின் வானொலிகளில் பேசுகிறது. ரயில் கவிழப்போகிறது என்கிறது, அதன்படியே நடக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக நாசவேலைகள். இந்தக் குரல் முழுக் கற்பனை அல்ல. ‘லார்ட் ஹா-ஹா’ என்று மக்கள் பட்டப்பெயர் வைத்த வில்லியம் ஜாய்ஸ் அப்போது உண்மையிலேயே பெர்லினிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். போர் முடிந்த பிறகு, 1946 ஜனவரியில், தேசத்துரோகத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். ஆக, படத்தில் வரும் அச்சம் அன்றைய பார்வையாளர்களின் வீட்டுக்குள் இருந்த அச்சம்.

சரி, "ஹோம்ஸைப் போருக்குள் இழுத்தது தப்பு" என்ற குற்றச்சாட்டு? அதைச் செய்த முதல் ஆள் ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில்தான். 1917இல் அவர் எழுதிய ‘ஹிஸ் லாஸ்ட் பௌ’ கதையில், முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு, வான் போர்க் என்ற ஜெர்மன் உளவாளியை ஹோம்ஸ் பிடிக்கிறார். இந்தப் படம் கிளைத்தது அந்தக் கதையிலிருந்துதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. நாசவேலைக் காட்சிகள் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியவை என்பது பார்த்தவுடன் தெரிகிறது. ராத்போனின் முடியை முன்னால் தள்ளிச் சீவியிருப்பது கண்ணை உறுத்துகிறது. சில வசனங்கள் மேடைப் பேச்சுதான். ஆனாலும் எல்வுட் பிரெடெலின் ஒளிப்பதிவு இவற்றையெல்லாம் மறக்கடிக்கிறது. முகத்தில் பாதியை இருட்டில் விட்டுவிடுவார். பின்னாளில் ‘தி கில்லர்ஸ்’ படத்தில் நிழல்களை வைத்து விளையாடிய அதே கைதான்.

[காட்சி: துறைமுகப் பக்கத்து மதுக்கடை. புகை. நெருக்கியடித்து நிற்கும் முகங்கள்.]

இப்போது நான் பேச வந்த காட்சி. பேக்கர் தெரு வீட்டு வாசலில் ஒருவன் முதுகில் கத்தியோடு வந்து விழுகிறான். ஹோம்ஸுக்குத் துப்புச் சொல்லிவந்த கேவின் அவன். "கிறிஸ்டோபர்" என்ற ஒற்றைச் சொல்லோடு உயிர் போகிறது. வேறு எந்தக் கதையாக இருந்தாலும் ஹோம்ஸ் நாற்காலியில் சாய்ந்து, யோசித்து, விடையைச் சொல்லியிருப்பார். இங்கே அவரால் முடியவில்லை. லண்டன் துறைமுகத்தை ஒட்டிய லைம்ஹவுஸ் பகுதிக்குப் போகிறார். அங்கே இருப்பவர்கள் திருடர்கள், அடியாட்கள். அவரால் சிறைக்குப் போனவர்களும் இருக்கும் இடம். அங்கே கேவினின் மனைவி கிட்டியிடம், கணவன் இறந்த செய்தியைச் சொல்லி, உதவியும் கேட்கிறார்.

கிட்டியாக நடித்தவர் எவலின் ஆங்கர்ஸ். திகில் படங்களில் அலறுவதற்கென்றே இவரை அழைப்பார்கள். இந்தப் படத்தில் அவர் பேசுகிறார். சுற்றியிருக்கும் அத்தனை பேரையும் பார்த்து, இது போலீஸ்காரர்களின் நாடு மட்டும் இல்லை, நம்முடைய நாடும்தான் என்கிறார். கேமரா அவர் முகத்தை விட்டு விலக மனமில்லாமல் நிற்கிறது. கூட்டம் ஒவ்வொருவராகக் கிளம்புகிறது, ‘கிறிஸ்டோபர்’ என்றால் என்ன என்று தேட. ஹோம்ஸ் அந்த நேரத்தில் பேசாமல் நிற்கிறார். பதினான்கு படங்களிலும் அவர் இவ்வளவு சிறியவராகத் தெரிந்த இடம் வேறு இல்லை என்பேன். அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்த ஹோம்ஸ் இவர்.

அறிவியல் வேலையும் இருக்கிறது. நேரடிப் பேச்சும் இசைத்தட்டில் பதிந்த பேச்சும், ஒலியைத் திரையில் கோடாகக் காட்டும் அலைகாட்டியில் வேறு வேறாகத் தெரியும் என்பதை வைத்து, அந்தக் குரல் பதிவு செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்கிறார். ஆனால் மீட் என்ற நாஜி ஏஜெண்டின் நம்பிக்கையைப் பெற்று, அவன் எங்கே போகிறான் என்று தெரிவிப்பது கிட்டிதான்.

அப்புறம் அந்த முடிவு. துரோகி இருப்பது லைம்ஹவுஸில் இல்லை. ஹோம்ஸை உதவிக்கு அழைத்த உளவுத்துறைக் குழுவிலேயே இருக்கிறார், சர் ஈவன் பார்ஹம். உண்மையான பார்ஹம் முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாகிக் கொல்லப்பட்டுவிட்டார். அவர் முகச்சாயலோடு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தவர் வான் போர்க். டாயில் கதையின் அதே பெயர். கிட்டியை மீட் சுட்டுக் கொல்கிறான். இங்கிலாந்தின் உயர்குடி மேஜையில் எதிரி. மதுக்கடைப் பெண் நாட்டுக்காகச் சாகிறாள். வெறும் பிரசாரம் செய்ய வந்த படம் இப்படி ஒரு முடிவை எழுதியிருக்க வேண்டியதில்லை.

[காட்சி: குண்டுவீச்சில் இடிந்த தேவாலயம். விடியற்காலை.]

கடைசியில் ஹோம்ஸ் சொல்கிறார்: "கிழக்குக் காற்று வருகிறது, வாட்சன்." டாயில் கதையின் கடைசிப் பக்கத்தில் உள்ள வரிதான். நமக்குக் கிழக்கிலிருந்து வரும் கொண்டல் மழை தரும். இங்கிலாந்துக்கு அது ஐரோப்பாவிலிருந்து எலும்பைத் துளைக்கும் குளிரோடு வருவது. வாட்சனுக்குப் புரியவில்லை, இன்றைக்கும் வெயில்தான் போலிருக்கிறது என்கிறார்.

அந்த இருவரையும் நன்றாகப் பாருங்கள். நைஜல் புரூஸ் முதல் உலகப் போரில் காலில் படுகாயம் அடைந்தவர். ராத்போன் எதிரிப் பதுங்குகுழிகள் வரை ஊர்ந்துபோய் வேவு பார்த்து, மிலிட்டரி கிராஸ் பதக்கம் பெற்றவர். அவர் தம்பி ஜான் 1918இல் அதே போரில் இறந்துபோனார். படம் வந்த 1942 செப்டம்பரில் அடுத்த போர் எப்படி முடியும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காற்றில் நம்மில் பலர் வாடிப்போவோம் என்ற வரியை ராத்போன் குரலை உயர்த்தாமல் சொல்கிறார்.