இரவு ஒன்பது மணிக்கு உங்கள் பிங் எவ்வளவு?

வணக்கம் நண்பர்களே. ஆன்லைன் விளையாட்டுக்கு எந்த நிறுவனத்தின் பிராட்பேண்ட் நல்லது என்று உங்களில் பலர் நெடுநாட்களாகக் கேட்டு வருகிறீர்கள். இன்று அதை மட்டுமே பேசப் போகிறேன். ஆனால் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே நிறுவனத்தின் இணைப்பு ஒரு தெருவில் அருமையாக இருக்கும், அடுத்த தெருவில் விளையாடவே முடியாத நிலையில் இருக்கும். எனவே உங்கள் வீட்டுக்கு வரும் இணைப்பை நீங்களே எப்படிச் சோதித்துத் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் காட்டப் போகிறேன்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருந்தது. பகலில் பிங், அதாவது விளையாட்டை நடத்தும் கணினிக்குச் செய்தி போய்த் திரும்பி வர ஆகும் நேரம், 20 மில்லி விநாடிக்குப் பக்கத்தில் இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு நண்பர்களோடு உட்கார்ந்தால் 140-க்குப் போய்விடும். எதிரி என் முன்னால் வந்து நிற்பதற்குள் நான் செத்துக் கிடப்பேன். வாடிக்கையாளர் சேவையை அழைத்தபோது, வேகம் போதவில்லை, பெரிய திட்டத்துக்கு மாறுங்கள் என்றார்கள். நானும் நம்பி 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். அன்று இரவே விளையாடிப் பார்த்தேன். பிங் அதே 140. பதிவிறக்கம் மட்டும் மூன்று மடங்கு வேகமாக நடந்தது.

ஏன் அப்படி என்றால், விளையாட்டுக்கு வேகம் மிகக் குறைவாகவே தேவைப்படுகிறது. நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினீர்கள், எப்போது சுட்டீர்கள் என்ற செய்திகள் சின்னஞ்சிறு பாக்கெட்டுகளாகத்தான் போகின்றன. பெரும்பாலான துப்பாக்கிச் சுடும் விளையாட்டுகளுக்கு 1 எம்பிபிஎஸ்கூட முழுதாகத் தேவைப்படுவதில்லை. அந்தச் சிறிய பாக்கெட் விளையாட்டை நடத்தும் கணினியான சர்வருக்குப் போய்த் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் லேட்டன்சி. நாம் பேச்சு வழக்கில் பிங் என்று சொல்வதும் அதையே. எம்பிபிஎஸ் என்பது சாலையின் அகலம். ஒற்றை ஆளாக சைக்கிளில் போகிறவருக்குச் சாலை எட்டு வழியாக இருந்தாலும், இரண்டு வழியாக இருந்தாலும் போய்ச் சேரும் தூரம் ஒன்றுதான்.

அந்தத் தூரத்தை எந்த நிறுவனமும் தலைகீழாக நின்றாலும் குறைக்க முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. வெற்றிடத்தில் செல்வதில் இது மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே சர்வர் 1,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் போக 5, வர 5 என்று குறைந்தது 10 மில்லி விநாடி ஆகும். 3,000 கிலோமீட்டர் என்றால் 30. கேபிள்கள் நேர்க்கோட்டில் போடப்படுவதில்லை என்பதால் உண்மையில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதனால் இணைப்பைத் தேடுவதற்கு முன்பு, நீங்கள் விளையாடும் விளையாட்டின் சர்வர் எந்த நகரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான விளையாட்டுகளின் அமைப்புகளில் சர்வர் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே அது தெரிந்துவிடும். உங்களால் எட்டக்கூடிய மிகச் சிறந்த பிங் எது என்ற கணக்கு கையில் இருந்தால், அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் காரணம் கேட்க முடியும்.

அந்தக் காரணங்களில் பெரியது, பாக்கெட் போகும் பாதை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, பல இணைப்புகளில் நடப்பது அதுதான். சர்வர் உங்களுக்குப் பக்கத்து நகரத்தில் இருக்கும். ஆனால் உங்கள் நிறுவனத்துக்கும் அந்த சர்வரை வைத்திருக்கும் வலையமைப்புக்கும் இடையே நேரடி இணைப்பு, அதாவது பியரிங், இல்லாமல் இருக்கும். உடனே பாக்கெட் வேறொரு நகரத்துக்கோ வேறொரு நாட்டுக்கோ போய், அங்கிருந்து திரும்பி வந்து சர்வரைத் தொடும். அந்த நேரடி இணைப்பு இருந்தும், மாலையில் கூட்டம் கூடும்போது அதன் கொள்ளளவு போதாமல் போவதும் உண்டு. என் 140-க்குக் காரணம் அதுதான். வீட்டுக்கு வரும் கம்பியில் குறையே இல்லை. நிறுவனத்தின் வலையமைப்பை விட்டு வெளியேறும் இடத்தில்தான் நெரிசல்.

இதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைத் திரையில் காட்டுகிறேன், பாருங்கள். டிரேஸ்ரூட் என்ற கட்டளையைக் கொடுத்தால், பாக்கெட் எந்தெந்த ரவுட்டர்கள் வழியாகப் போகிறது என்று வரிசையாகக் காட்டும். முதல் வரி என் வீட்டு ரவுட்டர், 1 மில்லி விநாடிக்கும் குறைவு. அடுத்த மூன்று வரிகள் நிறுவனத்தின் ரவுட்டர்கள்; 4, 6, 7 என்று இருக்கின்றன. ஐந்தாவது வரியில் எண் 118-க்குத் தாவுகிறது. அதற்குப் பின் வரும் எல்லா வரிகளிலும் அந்த உயரத்திலேயே நிற்கிறது. அங்கேதான் கோளாறு. ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். இடையில் ஒரு வரி மட்டும் நட்சத்திரக் குறிகளாக இருந்தாலோ, ஒரு வரியில் மட்டும் எண் கூடி அடுத்த வரியில் குறைந்துவிட்டாலோ, அது சிக்கலே இல்லை. பல ரவுட்டர்கள் இந்தச் சோதனைக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும், அல்லது பதிலே சொல்லாது. உயர்ந்த எண் கடைசி வரி வரைக்கும் இறங்காமல் தொடர்ந்தால் மட்டுமே கவலைப்படுங்கள்.

வேகச் சோதனைத் தளத்தில் பிங் 3 என்று வருகிறதே என்று சிலர் சொல்வார்கள். அந்தத் தளம் உங்களுக்கு மிக அருகில் உள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கிறது. பல நேரங்களில் அந்த சர்வர் உங்கள் நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். விளையாட்டு சர்வருக்குப் போகும் பாதையைப் பற்றி அந்த எண் எதையும் சொல்வதில்லை.

இப்போது ஜிட்டருக்கு வருகிறேன். இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகப் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் விளையாட்டைக் கெடுப்பதில் உயர்ந்த பிங்கைவிட ஜிட்டருக்கே பெரிய பங்கு என்பது என் உறுதியான கருத்து. ஜிட்டர் என்றால் பிங் ஏறி இறங்குவது. பிங் எப்போதும் 60-லேயே நிலையாக இருந்தால், இரண்டு நாளில் உங்கள் கை அதற்குப் பழகிவிடும். எதிரி எங்கே இருப்பான் என்று கணித்து, சற்று முன்கூட்டியே அசைவீர்கள். ஆனால் 25, 90, 30, 110 என்று குதித்துக்கொண்டே இருந்தால் கை எதற்குப் பழகும்? வாலரன்ட் போன்ற விளையாட்டில் சர்வர் விநாடிக்கு 128 முறை நிலவரத்தைக் கணக்கிடுகிறது; அதாவது 7.8 மில்லி விநாடிக்கு ஒரு முறை. உங்கள் பாக்கெட் 80 மில்லி விநாடி தாமதமாக வந்தால், அதற்குள் சர்வர் பத்துக் கணக்குகளை முடித்துவிடுகிறது. எதிரி ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றுவதும், ஓடிக்கொண்டிருக்கும் நீங்கள் ரப்பர் கயிற்றில் கட்டியது போலப் பின்னுக்கு இழுக்கப்படுவதும் இதனால்தான். பாக்கெட் வழியிலேயே தொலைந்துபோவது இன்னும் மோசம். விளையாட்டுகள் பெரும்பாலும் பயன்படுத்தும் யுடிபி முறை, தொலைந்ததைத் தானாக மறுபடி அனுப்பாது. நூற்றில் ஒன்று தொலைந்தாலே சண்டையின் நடுவில் அது கண்ணுக்குத் தெரியும்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு நிறுவனம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பாதி நேரம் அது நம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. ஒரு நாள் இதை நேரில் பார்த்தேன். ஒரு திரையில் பிங் ஓடிக்கொண்டிருந்தது. 22, 23, 22 என்று அமைதியாக வந்துகொண்டிருந்தது. அடுத்த அறையில் என் தங்கை கைப்பேசியில் இருந்த படங்களை கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கினாள். நான்கு விநாடிகளில் எண் 60 ஆயிற்று, பிறகு 210, பிறகு 390. படங்கள் ஏறி முடிந்ததும் மறுபடி 22. கணக்கைப் பாருங்கள்: என் அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ். ரவுட்டரின் வரிசையில் 500 கிலோபைட் படத்தரவு தேங்கி நின்றால், அதற்குப் பின்னால் நிற்கும் என் சிறிய பாக்கெட் 400 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். இதற்குப் பெயர் பஃபர்புளோட். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் இதைப் பெயரிட்டு உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் இந்தத் தேக்கத்தைக் குறைக்கும் கோடெல் என்ற வழிமுறையை வெளியிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்த எஃப்க்யூ-கோடெல், கேக் ஆகியவை இன்று பல ரவுட்டர்களில் எஸ்க்யூஎம் என்ற பெயரில் இருக்கின்றன. உங்கள் ரவுட்டரில் இருந்தால், சோதனையில் வரும் வேகத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை அதில் எல்லையாகக் கொடுங்கள். வேகத்தில் பத்தில் ஒரு பங்கு போகும். ஆனால் தங்கை படம் ஏற்றினாலும் பிங் சில மில்லி விநாடிகளுக்கு மேல் அசையாது. ஆகவே நிறுவனத்திடம் டவுன்லோடு வேகத்தைக் கேட்பதோடு நிற்காமல் அப்லோடு வேகத்தையும் கேளுங்கள். அவர்கள் தரும் ரவுட்டருக்குப் பதிலாக நம் ரவுட்டரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்றும் கேளுங்கள்.

இணைப்பின் வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீடு வரைக்கும் ஃபைபர் கிடைத்தால் அதையே எடுங்கள். ஜிபான் என்ற ஃபைபர் முறையில் ஒரே இழையை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன என்று கேட்டுப் பயப்பட வேண்டாம். கீழிறங்கும் திசையில் 2.5 ஜிபிபிஎஸ் இருப்பதால் பொதுவாக நெரிசல் அங்கே வருவதில்லை. தொலைக்காட்சி கேபிள் வழி இணைப்பில் அப்லோடு பாதை குறுகலானது என்பதால் மாலை நேரத்தில் ஜிட்டர் கூடும். பழைய தொலைபேசிக் கம்பியில் வரும் டிஎஸ்எல் என்றால், இன்டர்லீவிங் என்ற அமைப்பைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். பிழைகளைத் திருத்துவதற்காக அது தாமதத்தைக் கூட்டுகிறது. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக வரும் இணைப்பில் கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதிலும் அப்படியே திரும்பி வர ஒளி வேகத்திலேயே ஏறத்தாழ 480 மில்லி விநாடி ஆகிவிடும். வேகமான விளையாட்டுக்கு அது உதவாது. ஸ்டார்லிங்க் போலத் தாழ்வான உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களும், வீட்டில் வைக்கும் 5ஜி பெட்டிகளும் வேறு வழி இல்லாதபோது கைகொடுக்கும். ஆனால் ஜிட்டரைச் சோதிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

பலரும் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு: இணைப்பில் சிஜிநாட் இருக்கிறதா என்பதே அது. பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் வைப்பதுதான் சிஜிநாட். உங்கள் ரவுட்டரின் வெளிப்புற முகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்களில் தொடங்கினால், நீங்கள் அதற்குப் பின்னால்தான் இருக்கிறீர்கள். பிங் இதனால் பெரிதாகக் கூடாது. ஆனால் நண்பர்களின் அறைக்குள் நுழைய முடியாமல் போவது, குரல் கேட்காமல் போவது, சொந்தமாக ஆட்டத்தை நடத்த முடியாமல் போவது ஆகியவற்றுக்கு இது காரணமாகிறது. தனிப் பொது ஐபி அல்லது புதிய வகை ஐபி முகவரியான ஐபிவி6 தருவார்களா என்று முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேமிங் திட்டம் என்று தனியாக விற்றாலும், அதில் எது மாறுகிறது என்று கேளுங்கள். தனிப் பாதை, பொது ஐபி, கூடுதல் அப்லோடு என்று தெளிவாகச் சொன்னால் வாங்கலாம். டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெயரை முகவரியாக மாற்றுவதோடு டிஎன்எஸ்ஸின் வேலை முடிந்துவிடுகிறது, ஆட்டம் நடக்கும்போது அதற்கு வேலையே இல்லை.

இனி சோதிக்கும் முறை. ஏற்கெனவே அந்த நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டுபிடியுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மடிக்கணினியோடும் ஓர் ஈதர்நெட் கேபிளோடும் அவர் வீட்டுக்குப் போய், அரை மணி நேரம் விளையாட அனுமதி கேளுங்கள். வைஃபையில் சோதித்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. வைஃபை காற்றைப் பக்கத்து வீடுகளோடு பகிர்ந்துகொள்வதால் அதற்கென்று தனி ஜிட்டர் உண்டு. பல விளையாட்டு சர்வர்கள் வெளியிலிருந்து வரும் பிங் கட்டளைக்குப் பதில் தருவதில்லை என்பதால், விளையாட்டுக்குள்ளேயே பிங்கைக் கோடாக வரைந்து காட்டும் நெட்வொர்க் வரைபடத்தைத் திறந்து வைத்துப் பாருங்கள். இதை மூன்று இரவுகள் செய்யுங்கள். அவற்றில் ஒன்று வார இறுதியாக இருக்கட்டும். சராசரியை எழுதிக்கொள்ளாதீர்கள். ஒவ்வோர் இரவும் வந்த மிக மோசமான எண்ணையும், தொலைந்த பாக்கெட்டுகளின் விழுக்காட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால், ஒரு மாதத் திட்டம் மட்டும் எடுத்து இதே சோதனையை உங்கள் வீட்டில் செய்யுங்கள். ஓராண்டுத் தள்ளுபடியைக் காட்டினால், அதை இரண்டாவது மாதம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

நான் மாறியபோது என் நோட்டில் இரண்டு இணைப்புகள் எஞ்சியிருந்தன. ஒன்று பெரும்பாலான நேரம் 24-இல் இருந்து, மூன்று இரவுகளிலும் 90-ஐத் தொட்டது. மற்றொன்று 41-இல் தொடங்கி 44-ஐத் தாண்டவே இல்லை. வேகமும் முதலாவதில் பாதிதான். நான் இரண்டாவதை எடுத்தேன். இன்றைக்கும் அதில்தான் விளையாடுகிறேன். நேற்று இரவு ஒன்பதே கால் மணிக்குத் திரையின் மூலையில் இருந்த எண் 42.