வட்டார வள மையமும் வீட்டிலிருக்கும் பிள்ளையும்

(தர்மபுரி மாவட்டத்தில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் முன்னாள் ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களே, இந்த வெயிலிலும் தர்மபுரியிலிருந்து வந்து சிறப்பித்திருக்கும் முதன்மைக் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, வட்டாரக் கல்வி அலுவலர்களே, வட்டார வள மைய மேற்பார்வையாளர் அவர்களே, ஆசிரியர் பயிற்றுநர்களே, தலைமை ஆசிரியப் பெருமக்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த பெரியவரே, எல்லோருக்கும் மேலாக, இன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதன்மைக் கல்வி அலுவலர் அம்மாவுக்கு ஒரு நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். போன முறை நாம் ஒரு பள்ளிக்குச் சாய்வுதளம் கேட்டு மனு கொடுத்தபோது, நின்றபடியே படித்து, அதிலேயே குறிப்பும் எழுதிக் கொடுத்தார்கள். இன்று அந்தப் பள்ளியில் சாய்வுதளம் இருக்கிறது. நம் தலைவர் அவர்கள் பொறுப்பில் இருந்த காலத்தில் இரண்டு பள்ளிகளுக்குச் சுற்றுச்சுவர் எழுந்தது. பதவிக்காலம் முடிந்த பிறகும் பள்ளிக்கூட வேலை என்றால் முதல் ஆளாக வருகிறார். இப்படிப்பட்டவர்களைப் பெயருக்கு ஒரு சால்வையோடு அனுப்பிவிடக் கூடாது. பலமாகக் கைதட்டுங்கள்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, நம் ஊர்ப் பள்ளிகளுக்கு வட்டார, மாவட்டக் கல்வி அமைப்புகள் எப்படித் துணை நிற்கின்றன என்பது. மூன்று செய்திகளைச் சொல்ல நினைக்கிறேன். ஒன்று, வட்டார வள மையம் என்ன செய்கிறது. இரண்டு, ஆசிரியர் பயிற்சி எப்படி நடக்கிறது. மூன்று, எமிஸ் என்னும் பள்ளிக் கல்வி இணையதளத்தில் விவரம் ஏற்றும் வேலை ஆசிரியர் நேரத்தை எப்படித் தின்கிறது.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று என் தாயார் அடிக்கடி சொல்வார். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வியின் கதையே அதுதான். 1950களின் இறுதியில் காமராசர் முதலமைச்சர், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர். ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மக்கள் பெஞ்சு கொடுத்தார்கள், கரும்பலகை கொடுத்தார்கள், நிலம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் கிராமத்துப் பள்ளிக்கு மேலே இருந்து வரும் ஒரே மனிதர் இன்ஸ்பெக்டர். வருவார், பதிவேடு பார்ப்பார், போவார். ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “இந்தப் பாடத்தை இப்படி நடத்திப் பாருங்களேன்” என்று சொல்ல ஆள் இல்லை.

1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகுதான் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. 1994-ல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, முதலில் எடுத்த மாவட்டங்களில் நம் தர்மபுரியும் ஒன்று. பெண்கள் எழுத்தறிவில் பின்தங்கிய மாவட்டம் என்ற கணக்கில் நம்மைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் திட்டத்தின் வழியாகத்தான் வட்டார வள மையம் என்ற ஏற்பாடு நமக்கு அறிமுகமானது. அப்புறம் அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தது. 2018 முதல் எல்லாம் ஒன்றாகி ‘ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி’ என்று நடக்கிறது. செலவில் ஒன்றிய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40.

பி.ஆர்.சி. என்று நாம் கூப்பிடும் வட்டார வள மையக் கட்டடத்தில் என்ன நடக்கிறது? பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளை வீடு வீடாகக் கணக்கெடுப்பது அங்கிருந்துதான். மலைக்குடியிருப்பிலிருந்து தூரத்துப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குப் போக்குவரத்துப் படி அங்கிருந்துதான். 2022-ல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பயிற்சி, பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் குறுவள மையக் கூட்டம், எல்லாம் அங்கிருந்துதான். ஆசிரியர் பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை: பயிற்றுநர் வகுப்புக்குள் வந்து ஒரு பாடம் நடத்திக் காட்டினால், மண்டபத்தில் நாள் முழுக்க நடக்கும் பயிற்சியைவிட அது அதிகம் நிற்கும். அப்படிச் செய்யும் பயிற்றுநர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

ஆனால் அந்தக் கட்டடத்தில் இன்னொரு அறை இருக்கிறது. தரையில் பாய் விரித்திருக்கும், சுவரோரம் பிடித்து நடக்கப் பழகும் இணைக்கம்பி இருக்கும், ஒரு மூலையில் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகள் உட்காரும் சி.பி. சேர் இருக்கும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான அறை அது. அங்கே வேலை பார்ப்பவர்கள், ஸ்பெஷல் டீச்சர் என்று நாம் கூப்பிடும் சிறப்பு ஆசிரியரும், பிசியோ என்னும் இயன்முறைச் சிகிச்சையாளரும். எமிஸ் பற்றி இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம், அவர்களைப் பற்றித்தான் நான் இன்று பேசியே ஆக வேண்டும்.

நம் மாவட்டத்தில் காட்டோரமாக ஒரு சிற்றூர். அங்கே பெருமூளை வாதம் வந்த ஒரு பெண் குழந்தை. எட்டு, ஒன்பது வயசு இருக்கும். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை. பிள்ளை ஆயாவோடு. கணக்கெடுப்பில் பெயர் கிடைத்து, நம் ஸ்பெஷல் டீச்சர் சொந்த ஸ்கூட்டியில் அந்த ஊருக்குப் போனார். தோளில் பை, கையில் ஃபைல். தூரத்திலேயே பார்த்துவிட்ட ஆயா வாசலில் நின்று கத்தியிருக்கிறார்: “இந்த வாரம் தவணை இல்ல! அடுத்த வாரம் வா!”

குழுக் கடன் வசூலுக்கு வந்த பெண் என்று நினைத்துவிட்டார். நீங்கள் சிரிக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும், நம் ஊரில் பையோடு ஒரு பெண் வீடு தேடி வந்தால் வேறு என்னவாக இருக்கும்?

“நான் வசூலுக்கு வரல ஆயா, டீச்சர்.”

“டீச்சர்னா பள்ளிக்கூடத்துல இருக்கணும். இங்க எதுக்கு வந்தே?”

“உங்க பேத்திக்குப் பாடம் சொல்லித்தர.”

ஆயா ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம் கதவைச் சாத்திவிட்டார். பிள்ளையை யாரோ பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று பயம். டீச்சர் திரும்பிவிட்டார். அடுத்த வாரம் மறுபடி போனார், கதவு திறக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். அதற்கடுத்த வாரமும் அதே கதைதான். உள்ளே இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளைதான்! கதையைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஆயா கதவைத் திறந்தார்.

அதன் பிறகு பிசியோவும் வந்தார். முற்றத்தில் சவுக்குக் கட்டைகளை நட்டு இணைக்கம்பி செய்தார்கள். கட்டை கொடுத்தவர் பக்கத்துத் தோட்டக்காரர், குழி தோண்டியவர்கள் ஊர்ப் பையன்கள். காலை நீவி விடுவது எப்படி, சோறு ஊட்டும்போது தலையை எப்படிப் பிடிப்பது என்று ஆயாவுக்குப் பழக்கினார்கள். மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போய் அடையாள அட்டை வாங்கினார்கள், காலைத் தாங்கும் கேலிப்பர் கருவி வந்தது. பிள்ளை கட்டையைப் பிடித்து எழுந்து நின்ற அன்று ஊரே கூடிவிட்டது. சரி, முழுக்க நடந்துவிட்டாளா என்று கேட்பீர்கள். இல்லை. பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைக்கிறாள். தன் பெயரை எழுதுகிறாள். வாரத்தில் சில நாள் பள்ளிக்கும் வருகிறாள். அவளுக்காகத்தான் அந்தச் சாய்வுதளம் கேட்டோம்.

இதில் இன்னும் ஒன்று இருக்கிறது. இடையில் சில மாதம் டீச்சருக்குச் சம்பளம் தாமதமானது. பெட்ரோல் போடக் காசில்லாமல் பஸ்ஸில் வந்து, மெயின் ரோட்டிலிருந்து நடந்து போனார். விஷயம் ஆயா காதுக்குப் போயிற்று. தவணை இல்லை என்று விரட்டிய அதே ஆயா, ஒரு பை நிறையக் கேழ்வரகு மாவைக் கட்டிக் கொடுத்து, “சம்பளம் வர்ற வரைக்கும் இத வச்சுக்க கண்ணு” என்று சொல்லியிருக்கிறார்.

அன்பர்களே, அந்த ஆயா செய்ததை நான் தலைவணங்கிப் போற்றுகிறேன். ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் ஒருவர் கேழ்வரகு மாவை எதிர்பார்த்து நிற்கும் நிலை வரலாமா?

இது சலுகை கேட்கும் பேச்சு இல்லை, சட்டத்தில் இருப்பதைக் கேட்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ல் கொண்டுவந்த திருத்தம், கடுமையான குறைபாடுள்ள பிள்ளைக்கு வீட்டிலிருந்தே கற்கும் உரிமையைத் தந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது. 2021 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று தீர்ப்பில் சொன்னது. 2025 மார்ச்சில் அதே வழக்கில், பணியிடங்களை அறிவித்து நிரப்புங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. இவ்வளவும் காகிதத்தில் இருக்கிறது. நம் ஸ்பெஷல் டீச்சர்களும் பிசியோக்களுமோ பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்விக்காக ஒன்றிய அரசிடமிருந்து 2024-25 ஆண்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றதை நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்திடாததால் வந்த இழுபறி. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்கே போனது. எந்தக் கட்சி சரி என்று நான் இந்த மேடையில் பேசப் போவதில்லை. டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே பணம் நின்றால், கடைசியில் நிற்பது காட்டோரத்துக்குப் போகும் அந்த ஸ்கூட்டி. அதனால்தான் சொல்கிறேன், திட்ட நிதி வந்தாலும் வராவிட்டாலும் சம்பளம் தவறாத நிரந்தரப் பணியிடம் இவர்களுக்கு வேண்டும்.

பெரிய அலுவலகங்களில் உடனே நடக்காது என்பது எனக்குத் தெரியும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. அந்தக் குழு போடும் தீர்மானத்துக்கு எடை உண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போடுங்கள். நம் வட்டாரத்துச் சிறப்பு ஆசிரியர்களையும் பிசியோக்களையும் நிரந்தரமாக்க வேண்டும். வீட்டுவழிக் கல்விக்குப் போய்வர வட்டார வள மையத்துக்கு ஒரு வண்டி வேண்டும்.

மாதிரித் தீர்மானம் அச்சடித்து வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். பள்ளிக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் பள்ளிக்கு வராமல் வீட்டில் இருக்கும் பிள்ளை யாராவது இருந்தால், பெயரையும் தெருவையும் பக்கத்தில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். ஸ்பெஷல் டீச்சர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். முதன்மைக் கல்வி அலுவலர் அம்மா மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் முதல் பட்டியலை அவர்கள் கையில் கொடுத்துவிடுவோம். நன்றி, வணக்கம்.