கேர்ன்ஸ் தெருவின் பூந்தொட்டிகள்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் டாக்ஸ்டெத் என்றொரு குடியிருப்புப் பகுதி. அஞ்சல் எண்ணை வைத்து ‘லிவர்பூல் எட்டு’ என்றும் அதைச் சொல்வார்கள். அங்கே கிரான்பி தெருவை ஒட்டி பீக்கன்ஸ்ஃபீல்டு, கேர்ன்ஸ், ஜெர்மின், டூசி என்று நான்கு தெருக்கள். இன்று அவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

எல்லாம் விக்டோரியா காலத்துப் பாணியில் செங்கல்லால் கட்டிய வரிசை வீடுகள். துறைமுகம் செழித்திருந்த நாளில் எழுந்தவை. கப்பலில் வேலை செய்த ஆப்பிரிக்கர்களும் கரீபியத் தீவுக்காரர்களும் இந்தப் பக்கம் குடியேறினார்கள். பிரிட்டனின் மிகப் பழைய கறுப்பினச் சமூகங்களில் ஒன்று லிவர்பூலில் இருப்பது. கிரான்பி தெருவோ அன்றைக்குக் கடைகள் நிறைந்த கடைவீதி.

அப்புறம் துறைமுக வேலைகள் குறைந்தன. 1931-ல் எட்டரை லட்சமாக இருந்த நகரத்தின் மக்கள்தொகை 2001-ல் சுமார் 4 லட்சத்து 40 ஆயிரமாகிவிட்டது. வேலையில்லாத இளைஞர்களைப் போலீசார் தெருவில் நிறுத்தி நிறுத்திச் சோதனை போட்டார்கள். 1981 ஜூலையில் ஒரு கைதை ஒட்டி அந்தக் கோபம் வெடித்தது. கூட்டத்தைக் கலைக்க, வட அயர்லாந்தை விட்டுவிட்டால், பிரிட்டனில் போலீசார் முதல்முறையாகக் கண்ணீர்ப்புகை வீசியது அப்போதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அதிக வேதனை தருவது. அது சத்தமில்லாமல் நடந்தது. வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று திட்டம் மேல் திட்டம் வந்தது. காலியான வீட்டின் கதவையும் சன்னலையும் தகரம் வைத்து அடைத்தார்கள். வீட்டுவசதித் துறையில் வேலை பார்த்தவன் நான். வரிசை வீட்டில் இரண்டு குடும்பத்துக்கு நடுவே இருப்பது ஒரே சுவர். ஒரு வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்தால் ஈரம் பக்கத்து வீட்டையும் பிடித்துக்கொள்ளும். குடியிருப்பவரை யாரும் வெளியே போ என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஈரமே விரட்டிவிடும்.

அப்படியும் சில குடும்பங்கள் போகவில்லை. அவர்களில் முன்னால் நின்றவர்கள் பெண்கள். தெருவைத் தாங்களே பெருக்கினார்கள். தகரம் அடித்த சன்னல்களுக்கு வண்ணம் பூசினார்கள். நடைபாதையில் தொட்டி வைத்துச் செடி வளர்த்தார்கள், கொடிகளைச் சுவரில் ஏற்றிவிட்டார்கள். கேர்ன்ஸ் தெருவில் மேசைகளைப் போட்டு மாதச் சந்தை நடத்தினார்கள். ஆள் நடமாட்டம் இருக்கிற தெருவை இடிக்க எவருக்கும் கை வராது என்று அவர்கள் நம்பியிருக்க வேண்டும்.

2011-ல் குடியிருப்பவர்கள் சேர்ந்து சமூக நில அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார்கள். வீடுகள் அறக்கட்டளையின் பொறுப்பில் இருப்பதால், லாபத்துக்கு வாங்கி விற்பவர்கள் கையில் போய் விலை ஏறுவதற்கு வழியில்லை. ‘அசெம்பிள்’ என்ற இளம் கட்டடக் கலைக் குழுவோடு சேர்ந்து கேர்ன்ஸ் தெருவில் பத்து வீடுகளைப் புதுப்பித்தார்கள். இடிபாட்டுச் செங்கல்லையும் கல்லையும் ஒரு பட்டறையில் அரைத்து, குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பைச் சுற்றி வைக்கும் மாடங்கள் வார்த்தார்கள். அந்தப் பட்டறை இன்னும் வளர்ந்து, ஓடுகளும் கதவுக் குமிழ்களும்கூடச் செய்தது.

2015-ல் பிரிட்டனின் புகழ்பெற்ற டர்னர் கலைப் பரிசு அசெம்பிள் குழுவுக்குக் கிடைத்தது. வீடு பழுது பார்ப்பது கலையா என்று பலர் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி முக்கியமாகப் படவில்லை. கட்டடக் கலைஞர்கள் வந்தபோது தெரு இருந்தது. பல வருடங்களாக அதை இருக்க வைத்தவர்கள் துடைப்பமும் மண்வெட்டியும் எடுத்த அந்தப் பெண்கள். பரிசைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடுகள் மட்டும் ரொம்பச் சிதைந்து கிடந்தன. உள்ளே தளங்கள் விழுந்துவிட்டன. சரி, வீடாகத்தான் ஆக்க வேண்டுமா என்று யோசித்து, மேலே கண்ணாடிக் கூரை போட்டுத் தோட்டமாக்கிவிட்டார்கள். 2019-ல் அது திறக்கப்பட்டது. வெளியே பார்த்தால் மற்ற வீடுகளைப் போலவே செங்கல் முகப்பு. கதவைத் திறந்தால் உள்ளே மரம் நிற்கிறது.