ஹெஸ்டர் ஏன் திரும்பி வந்தாள்?

அவையோருக்கு வணக்கம்.

நத்தானியல் ஹாதோர்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' 1850-இல் வெளிவந்த நாவல். கதை நடப்பது அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்னால், பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறித்தவப் பிரிவினர் ஆண்ட அமெரிக்கக் குடியேற்றமான பாஸ்டனில். கணவன் உடனில்லாத காலத்தில் பிள்ளை பெற்றவள் ஹெஸ்டர் பிரின். அவளைக் கைக்குழந்தையோடு சந்தைத் திடலில், தண்டனை மேடையில் மூன்று மணி நேரம் நிறுத்துகிறார்கள். மார்பில் சிவப்புத் துணியில் 'ஏ' என்ற எழுத்து; 'அடல்ட்ரி', அதாவது மணவாழ்வுக்கு வெளியே உறவு கொண்ட குற்றம், என்பதன் முதலெழுத்து. ஆயுள் முழுக்க அதை அணிய வேண்டும். நீதிபதிகள் இதைக் கருணை என்றே நினைத்தார்கள். அந்தக் குடியேற்றத்தின் சட்டம் இந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை விதித்திருந்தது. 1644-இல் மேரி லேதம் என்ற இளம்பெண்ணை உண்மையிலேயே தூக்கிலிட்டார்கள்.

ஹெஸ்டரைப் பொறுமையின் சிகரம் என்று புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. அவள் அடங்கிப் போகவே இல்லை. அந்த எழுத்தைப் பாருங்கள்: சுற்றிலும் பொன்னிழையால் பூவேலை செய்து, தன் கைத்திறனையெல்லாம் அதில் கொட்டியிருக்கிறாள். கூட்டத்திலிருந்த பெண்களுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இவ்வளவு வேலைப்பாடு எதற்கு, மூட்டுவாதத்துக்கு நான் சுற்றிக்கொள்ளும் கம்பளித் துணியில் ஒரு துண்டு தருகிறேன், அதில் தைத்துக்கொள்ளட்டும் என்கிறாள் ஒருத்தி. பிள்ளையின் தகப்பன் யார் என்று மேடையில் வைத்தே கேட்கிறார்கள். சொன்னால் எழுத்தை எடுத்துவிடலாம் என்றும் ஆசை காட்டுகிறார்கள். அவள் சொல்லவில்லை. பெயரைச் சொல்லும்படி உருக்கமாகக் கேட்ட இளம் போதகர் டிம்ஸ்டேல்தான் அந்தத் தகப்பன்.

ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று தீர்ப்பில் எங்கும் இல்லை. கப்பலேறி எங்காவது போயிருக்கலாம். அவளோ ஊர்க்கோடியில், கடலைப் பார்த்த ஒரு சிறு குடிலில் குடியேறித் தையல் வேலை செய்து பிழைக்கிறாள். ஆளுநரின் கழுத்துப்பட்டி அவள் தைத்தது. பிறந்த குழந்தையின் தொப்பியும் இறந்தவரின் சவத்துணியும் அவள் தைத்தவை. மணப்பெண்ணின் வெள்ளை முக்காட்டை மட்டும் அவளிடம் யாரும் கொடுக்கவில்லை. அவள் உழைப்பு வேண்டும், அவள் கை பட்டது மணவறைக்கு ஆகாது! இந்த ஒரு தகவலைப் படித்துவிட்டு வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். மிஞ்சிய நேரத்தில் ஏழைகளுக்கு முரட்டுத் துணியில் உடை தைத்துக் கொடுக்கிறாள். வாங்கிக்கொண்டே ஏசுகிறவர்களும் அவர்களில் உண்டு.

மகள் பேர்லை அவளிடமிருந்து பிரித்துவிடலாமா என்று பேச்சு வந்தபோது ஆளுநர் மாளிகைக்கே போய் நிற்கிறாள். கடவுள் கொடுத்த பிள்ளை, தரமாட்டேன், அதற்கு முன் செத்துப்போவேன் என்கிறாள். அதே தாய்தான், பிள்ளையையும் கொன்று தானும் போய்விட்டால் என்ன என்று சில வேளைகளில் நினைத்தவள். ஹாதோர்ன் இதை மறைக்கவில்லை. இந்த இருட்டைத் தாண்டாமல் அவளை வெறும் மனவுறுதிக்காரி என்று சொல்லிவிடுவது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

ஏழு ஆண்டுகள் கழிகின்றன. நோயாளிகளின் வீடுகளில் இரவெல்லாம் விழித்திருந்து பணிவிடை செய்தவள் அவள்தான் என்று ஊர் மெல்ல உணர்கிறது. எழுத்தை எடுத்துவிட அனுமதிக்கலாமா என்று நீதிபதிகளின் சபையில் பேச்சு நடந்ததாக அவளிடம் சேதி வருகிறது. அதை எடுப்பது அவர்கள் விருப்பத்தில் இல்லை, எனக்குத் தகுதி வந்தால் தானாகவே உதிர்ந்துவிடும் என்கிறாள். மன்னிப்பு வழங்கும் அதிகாரத்தைக்கூட அவர்களிடம் விட்டுவைக்கவில்லை!

கடைசியில் டிம்ஸ்டேல் மேடையேறி உண்மையை ஒப்புக்கொண்டு இறக்கிறான். பேர்லுக்குப் பெரும் சொத்து சேர்கிறது. தாயும் மகளும் கடல் கடந்து போகிறார்கள். பல ஆண்டுகள் கழித்து ஹெஸ்டர் தனியாக அதே குடிலுக்குத் திரும்பி வந்து, எழுத்தைத் தானே எடுத்து அணிந்துகொள்கிறாள். வற்புறுத்த அங்கே யாரும் இல்லை. அதை மறுபடி அவள்மேல் சுமத்தும் துணிச்சல் எந்த நீதிபதிக்கும் வந்திருக்காது. அவள் பாவமும் துயரமும் அந்த மண்ணில்தான், தவமும் அங்கேதான் என்கிறார் ஹாதோர்ன். எனக்கு அதோடு இன்னொன்றும் தோன்றுகிறது. அவமானப்படுத்திய ஊர் தன் ஊரும்தான் என்று உரிமை கொண்டாடவே அவள் வந்தாள். காதலில் அடிபட்ட பெண்கள், யாருக்கும் வேண்டாதவளாகிவிட்டோமே என்று மருகிய பெண்கள், அந்தக் குடிலைத் தேடி வந்து யோசனை கேட்டார்கள். அவளும் முடிந்த அளவு ஆறுதலும் அறிவுரையும் சொல்லி அனுப்பினாள்.

நன்றி, வணக்கம்.