கொம்பு இருந்தால் எல்லாம் சைட்வைண்டரா? கெல்சோ மணலில் ஒரு ராத்திரி

வணக்கம் மக்களே! இன்றைக்குக் கோபத்தோடுதான் கேமராவை ஆன் செய்திருக்கிறேன். ஒரு கிளிப் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். கொம்பு வைத்த பாம்பு ஒன்று மணலில் பக்கவாட்டில் போகிறது. கீழே 'அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பு' என்று போட்டிருக்கிறார்கள். வாலைப் பாருங்கள், கிலுகிலுப்பையே இல்லை! அது சஹாராவின் கொம்பு விரியன். கொம்பும் வாலில் கிலுகிலுப்பையும் வைத்து, அதே மாதிரி பக்கவாட்டில் போகிற அமெரிக்கப் பாம்புதான் நம்ம சைட்வைண்டர். அதன் ஊர் மோஹாவி, சொனோரா பாலைவனங்கள். தென்மேற்கு அமெரிக்காவையும் வடமேற்கு மெக்சிகோவையும் தாண்டி அது எங்கும் கிடையாது.

பொறுக்க முடியாமல் மோஹாவியில் இருக்கிற கெல்சோ மணற்குன்றுகளுக்கே கிளம்பிவிட்டேன். போகிற வழியில் ஒரு கடையில் தலையில் மாட்டும் டார்ச், 64 டாலர். அறுபத்து நாலு! சிவப்பு வெளிச்சம், மூன்று மோட், தண்ணீர் புகாது என்றெல்லாம் அட்டையில் போட்டிருந்தது. மணல் புகும் என்று போடவில்லை. கொஞ்ச நேரத்தில் பட்டன் அழுத்தவே வரவில்லை. வண்டியில் கிடந்த 9 டாலர் கைடார்ச்சை எடுத்துத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தேன். அப்போதுதான் தடம் தெரிந்தது! நெற்றியிலிருந்து நேராக விழும் வெளிச்சத்தில் மணல் வெறும் தட்டையாகத்தான் இருந்தது. தடம் தேடுகிறவர்கள் எல்லாரும் இதைச் செய்து பாருங்கள், காசு மிச்சம்.

தடம் எப்படி இருந்தது தெரியுமா? சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாக, தனித்தனிக் கோடுகள். ஒரு முனையில் கொக்கி மாதிரி வளைவு. அந்தக் கொக்கி காட்டும் பக்கம்தான் பாம்பு போன திசை. குனிந்து பார்த்தால் கோட்டுக்குள்ளே வயிற்றுச் செதில்களின் வரிகூடப் பதிந்திருக்கிறது. உடம்பு மணலில் இழுபடவில்லை, தூக்கித் தூக்கி வைக்கப்படுகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரிவில் ஏறும்போது இது செய்கிற வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகமும் அட்லாண்டா விலங்குக் காட்சிசாலையும் சேர்ந்து செய்த ஆய்வு 2014-இல் வந்தது. சரிவு கூடக்கூட, மணலைத் தொடும் உடம்பின் நீளத்தையும் பாம்பு கூட்டிக்கொள்கிறது. அதுவரை சறுக்கிக்கொண்டிருந்த பாம்பு ரோபோவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் ஏறிவிட்டது!

அட, அளவைச் சொல்லவே இல்லையே. பெரிதாக வளர்ந்தாலே முக்கால் மீட்டர் அளவுதான். பெண்தான் பெரியது, மற்ற கிலுகிலுப்பைப் பாம்புகளில் பெரும்பாலும் ஆண்தான் பெரிதாக இருக்கும். வெயில் காலத்தில் ராத்திரி நடமாட்டம். பகலில் எலி வளைக்குள் இருக்கும், இல்லையென்றால் புதர் நிழலில் ஜிலேபி மாதிரி சுருண்டு மணலோடு மணலாகப் புதைந்து கிடக்கும். கையைக் காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வையுங்கள். குச்சியால் கிளறி வீடியோ எடுக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது, அது உங்களுக்கே தெரியும்.

சரி, அந்த சஹாரா விரியனுக்கு வருகிறேன். இரண்டும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றதில்லை. மணல்தான் இரண்டையும் தனித்தனியாக இப்படி ஆக்கியது. பாம்புகளின் வயிற்றில் பொதுவாகப் பின்னோக்கிய நுண்முட்கள் இருக்கும். பக்கவாட்டில் போகிறவற்றுக்கு அது இடைஞ்சல். 2021-இல் வந்த ஆய்வில், ஆப்பிரிக்க இனங்களில் முட்கள் போய் நுண்குழிகள் மட்டும் இருந்தன. சைட்வைண்டரில் சில முட்கள் இன்னும் மிச்சம். அமெரிக்கப் பாலைவனம் வயதில் ரொம்ப இளையது என்பதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். இவ்வளவு அருமையான வித்தியாசத்தை ஒரு தப்பான தலைப்பு மூடிவிடுகிறதே!

நம்ம ஊர்ச் சுருட்டை விரியனும் பக்கவாட்டில் போகும், அதற்குத் தனி வீடியோ உண்டு.

குட்டிகளை விட்டுவிட்டேன்! சைட்வைண்டர் முட்டையிடாது, குட்டிதான் போடும். பிறந்த குட்டிகள் முதல் சட்டை உரிக்கும் வரை வளை வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கிடக்கும். வெயிலுக்கும் நிழலுக்கும் மாறிமாறி நகர்ந்து, மொத்தக் குவியலையும் 32 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்துக்கொள்ளும். கோடை முடிவில் அதைப் பார்க்கத்தான் அடுத்த பயணம். லாங் லென்ஸ் வாடகைக்கு எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.